ஈஸ்ட்டில் ஒன்று, நம்மில் நான்கு: விபிஎஸ்13 புரதக் குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணுச் சோதனை ரிப்போர்ட்டில் ‘விபிஎஸ்13ஏ’ என்றோ ‘விபிஎஸ்13பி’ என்றோ ஒரு பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தேடினால், முதலில் வந்து விழுவது ஈஸ்ட் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள்தான். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் கை கால் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சிகிச்சை முடிவுகளை இதை வைத்து எடுக்க வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

விபிஎஸ்13 என்பது நோயின் பெயரா, மரபணுவின் பெயரா?

மரபணுவின் பெயர். அந்த மரபணுவைப் பார்த்து செல் கட்டுகிற புரதத்துக்கும் அதே பெயர்தான். ஈஸ்ட்டில் இது ஒன்றே ஒன்று. மனிதரில் நான்கு: ஏ, பி, சி, டி. ஏ 9-ஆம் குரோமோசோமிலும், பி 8-இலும், சி 15-இலும், டி 1-இலும் இருக்கின்றன. நான்கும் ராட்சதப் புரதங்கள். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 140 அமினோ அமிலங்கள் இருக்கும். ஈஸ்ட்டின் விபிஎஸ்13-இல் 3,144; மனிதரின் ஏ-வில் 3,174; பி-யில் 4,000-க்கும் மேல். இந்த அளவை நினைவில் வைத்திருங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

அந்த விசித்திரமான பெயர் எங்கிருந்து வந்தது?

1980-களில் அமெரிக்காவில் ஸ்காட் எம்ர், டாம் ஸ்டீவன்ஸ் என்ற இருவர் தத்தம் ஆய்வுக்கூடத்தில் ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட் செல்லுக்குள் வாக்குவோல் என்று ஒரு பை உண்டு. பழசையும் வேண்டாததையும் செரித்து உடைக்கிற இடம் அது. அங்கே வேலை பார்க்கும் கார்பாக்சிபெப்டிடேஸ் ஒய் என்ற நொதி வேறோர் இடத்தில் தயாராகி, வழி தவறாமல் அங்கே போய்ச் சேர்கிறது. அதற்கு வழி காட்டுவது யார்?

இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. ஈஸ்ட்டின் டிஎன்ஏ-வில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கினார்கள். பிறகு, அந்த நொதியை வாக்குவோலுக்கு அனுப்பாமல் செல்லுக்கு வெளியே கொட்டிவிடுகிற ஈஸ்ட்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். இப்படி 40-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் சிக்கின. ஒரு கூடம் அவற்றுக்கு விபிடி என்று பெயர் வைத்திருந்தது, இன்னொன்று விபிஎல் என்று. ஒப்பிட்டுப் பார்த்தால் பலவும் ஒரே மரபணுக்கள். எல்லாவற்றையும் சேர்த்து விபிஎஸ் என்று ஒரே பெயரும் வரிசை எண்ணும் கொடுத்தார்கள். ‘வாக்குவோலுக்குப் புரதம் பிரித்து அனுப்புதல்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நம்முடையது 13-ஆம் எண்.

இந்தப் பெயரை நம்பி இதன் வேலையை ஊகிக்கப் போகாதீர்கள். புளியந்தோப்பில் போய்ப் புளியமரம் தேடுகிற கதையாகிவிடும். நொதி வழி தவறியது பின்விளைவுதான். புரதத்தின் உண்மையான வேலை வேறு என்று தெரிய முப்பது வருடம் ஆனது.

ஈஸ்ட்டும் மனிதரும் எப்படி உறவு?

தூரத்து உறவு, ஆனால் நிஜமான உறவு. இரண்டுக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த ஒரு செல். ஈஸ்ட்டும் பாக்டீரியா மாதிரி வெறும் பை அல்ல. நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா உண்டு, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலை உண்டு. இவ்வளவு காலமும் பெரிதாக மாறாமல் ஒரு புரதம் நின்றிருந்தால், அதை மாற்றியவை பிழைக்கவில்லை என்று அர்த்தம். ‘பாதுகாக்கப்பட்ட புரதம்’ என்று உயிரியலில் சொல்வது இதைத்தான். வழியில் மரபணு நகலாகிப் பெருகியதால் பழ ஈயில் மூன்று, மனிதரில் நான்கு.

ஆய்வாளர்களுக்கு ஈஸ்ட் மீது இவ்வளவு ஆசை ஏன் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் அது இரட்டிப்பாகும். அதன் முழு மரபணுத் தொகுதியும் 1996-லேயே வாசித்து முடிக்கப்பட்டது. மொத்தம் ஆறாயிரம் மரபணுக்கள்தான். டிஎன்ஏ-வில் வேண்டிய எழுத்தை வேண்டிய இடத்தில் மாற்றி, ஒரு வாரத்துக்குள் விளைவைப் பார்த்துவிடலாம். கள்ளை நுரைக்க வைக்கிற அதே உயிர், ஆய்வுத் தட்டில் இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்கும்.

சரி, இந்தப் புரதம் என்னதான் செய்கிறது?

கொழுப்பு கடத்துகிறது. ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்டிரால் அல்ல, செல்லின் சவ்வுகளைக் கட்டுகிற பாஸ்போலிப்பிடுகள்.

செல்லுக்குள் இவற்றில் பெரும்பகுதி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில்தான் தயாராகிறது. மற்ற உறுப்புகள் எல்லாம் அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சில உறுப்புகளுக்குச் சின்னச் சின்னக் குமிழிகளில் பொட்டலம் கட்டிப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்தப் பொட்டல வண்டி போவதில்லை. இடையில் இருப்பதோ தண்ணீர். எண்ணெய் தண்ணீரில் நீந்தி அக்கரை போகுமா?

2009-இல் பீட்டர் வால்டரின் கூடத்தில் பெனுவா கோர்ன்மான் ஈஸ்ட்டில் ஒரு பாலத்தைக் கண்டுபிடித்தார். ரெட்டிகுலத்தையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதக் கூட்டு அது. எர்மெஸ் என்று பெயர். அதைக் கெடுத்தால் ஈஸ்ட் நோஞ்சானாகிவிடும். 2015-இல் சூரிச்சில் கோர்ன்மானின் குழு, எர்மெஸ் இல்லாமலே நன்றாக வளரும் ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்தது. அவற்றில் மாறியிருந்த மரபணு விபிஎஸ்13. ஒரு பாலம் இடிந்தால் இன்னொரு பாலம் சுமையைத் தாங்குகிறது. என் கணக்கில் இந்த முழுக் கதையின் திருப்பம் இங்கேதான். நோயாளியைப் பார்க்காமல், நோயைத் தேடாமல், ஈஸ்ட் ஏன் பிழைத்தது என்று கேட்டதில் கிடைத்த விடை இது.

2018-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கேரின் ரைனிஷ், பியெட்ரோ டி கமில்லி குழுவினர், மனிதரின் ஏ-வும் சி-யும் செல்லின் உறுப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்களில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். இந்தப் புரதத்தின் ஒரு துண்டு கொழுப்பை ஏந்திக் கடத்துவதையும் நிரூபித்தார்கள். 2020-இல் அதன் வடிவம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மூங்கிலை நெடுக்கில் பிளந்து, பாதியை வாய்க்கால்போலக் கிடத்தினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். நீளம் 20 முதல் 30 நானோமீட்டர். உட்பக்கம் முழுக்கத் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள். கொழுப்பின் வால்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ள, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வழுக்கிக்கொண்டு போகின்றன.

இதே அமைப்பில் ஏடிஜி2 போன்ற வேறு சில புரதங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து இப்போது பால வடிவக் கொழுப்புக் கடத்திகள் என்கிறார்கள். ஏடிஜி2, செல் தன் கழிவைத் தானே தின்னும் ஆட்டோஃபேஜி வேலைக்கு வேண்டியது. அந்தத் துறையைத் திறந்துவைத்து 2016-இல் நோபல் வாங்கிய யோஷினோரி ஓசுமியும் ஈஸ்ட்டில்தான் தொடங்கினார்.

ஈஸ்ட்டில் இந்த மரபணுவை நீக்கினால் ஈஸ்ட் செத்துவிடுமா?

சாகாது. நல்ல சாப்பாடு கிடைக்கும்வரை அது பாட்டுக்கு வளரும். பட்டினி போட்டால்தான் வேஷம் கலையும். பஞ்ச காலத்தில் ஈஸ்ட் வித்துகளை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதற்குப் புதிதாகச் சவ்வு நெய்ய வேண்டும். கொழுப்பு ஏராளமாகத் தேவை. விபிஎஸ்13 இல்லாத ஈஸ்ட் அங்கே தோற்றுப்போகிறது. எர்மெஸ்ஸும் சேர்ந்து இல்லாவிட்டால் அது பிழைக்காது.

மனிதரில் ஏ கெட்டு வரும் நோய் பிறந்தவுடன் தெரியாமல் இருபது முப்பது வயதில் தலைகாட்டுவதை நினைக்கும்போது எனக்கு இந்தப் பட்டினி ஈஸ்ட் நினைவுக்கு வரும். இது என் ஒப்பீடுதான், நிரூபணம் இல்லை.

நான்கு மரபணுவும் கெட்டால் ஒரே நோய்தானே வர வேண்டும்?

நான்கும் ஒரே மாதிரி மூங்கில், ஆனால் வெவ்வேறு கரைகளில் போடப்பட்டவை. புரதத்தின் முனையில் இருக்கும் பகுதிகள் எங்கே ஒட்டுவது என்று தீர்மானிக்கின்றன. ஈஸ்ட்டில் ஒரே விபிஎஸ்13-ஐ மூன்று புரதங்கள் மூன்று இடங்களுக்கு இழுக்கின்றன: எம்சிபி1 மைட்டோகாண்ட்ரியாவுக்கு, ஒய்பிடி35 எண்டோசோம் என்ற சின்னப் பைக்கும் வாக்குவோலுக்கும், ஸ்போ71 வித்துச் சவ்வுக்கு. மனிதரில் அந்த வேலைகள் நான்கு பேருக்குப் பங்கு பிரிந்திருக்கின்றன. ஏ கெட்டால் கொரியா-அகாந்தோசைட்டோசிஸ். பி கெட்டால் கோஹன் நோய்க்குறி. சி கெட்டால் இளம் வயதில் தொடங்கி வேகமாக முற்றும் ஒருவகைப் பார்க்கின்சன். இது 2016-இல் தெரியவந்தது. டி கெட்டால் நடை தள்ளாடும் அட்டாக்சியாவும் தசை இறுக்கமும், இது 2018-இல். டி முற்றிலும் இல்லாமல் எலிக்கரு பிழைப்பதில்லை.

கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் எப்படி இருக்கும்?

பெயரில் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. கொரியா என்றால் நடனம்; கட்டுப்பாடில்லாமல் உடல் ஆடுவது. அகாந்தா என்றால் முள். ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் முள் முளைத்தாற்போல் இருப்பது. 1960-களில் அமெரிக்காவில் லெவின், கிரிச்லி என்ற மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். காரணமான மரபணு 2001-இல் அகப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு சார்ந்த ஒரு குழுவும் ஜப்பானின் ககோஷிமா குழுவும் ஒரே சமயத்தில் அதை வெளியிட்டன. புரதத்துக்குக் கொரீன் என்று பெயர் வைத்தது ஜப்பானியக் குழு. பார்த்தால் ஈஸ்ட்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விபிஎஸ்13! இப்போது பலர் விபிஎஸ்13ஏ நோய் என்றே சொல்கிறார்கள். உலகம் முழுவதிலும் நோயாளிகள் ஆயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பது மதிப்பீடு.

பெரும்பாலும் இருபதுகளிலோ முப்பதுகளிலோ தொடங்கும். சிலருக்கு முதலில் வலிப்பு வரும், சிலருக்கு மனநிலை மாற்றம்: காரணமில்லாத கோபம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது. வீட்டார் முதலில் கவனிப்பது வாயைத்தான். சோற்றை வாயில் வைத்தவுடன் நாக்கு தானாக வெளியே தள்ளிவிடும். உதட்டையும் நாக்கையும் தாங்களே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடங்கும், தலை வெட்டி ஆடும். சாப்பாட்டை வேண்டுமென்றே துப்புகிறான் என்று திட்டு வாங்கும் நோயாளிகள் உண்டு. இந்த ஒரு வரிக்காகவாவது இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்: அது அவர் செய்வதல்ல, மூளையின் உள்ளே காடேட், புட்டமென் என்ற பகுதிகள் தேய்வதால் நடப்பது.

ரத்தத்தில் முள் அணுக்கள் தெரியவில்லை. அப்படியானால் இந்த நோய் இல்லைதானே?

அப்படி முடிவு கட்டக் கூடாது. சாதாரண ரத்தப் பூச்சில் முள் அணுக்கள் தென்படாமல் போகலாம். நோய் முற்றிய பிறகே தெரிகிற ஆட்களும் உண்டு. அதைவிடப் பயனுள்ள தடயம் சிபிகே என்று ரிப்போர்ட்டில் வரும் கிரியேட்டின் கைனேஸ். தசை பாதிப்பதால் இது பெரும்பாலும் உயர்ந்திருக்கும். கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும்கூடத் தசையிலிருந்து வருவதால் அவையும் ஏறியிருக்கும். உடனே ‘கல்லீரல் கோளாறு’ என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வருடங்கள் போய்விடும். ஆட்டமும் இருக்கிறது, கல்லீரல் எண்களும் ஏறியிருக்கின்றன, கூடவே சிபிகே பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

அதே நேரத்தில் வில்சன் நோயையும் கட்டாயம் விலக்கியாக வேண்டும். அதுவும் இளம் வயதில் கல்லீரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும். ஆனால் உடலில் சேரும் தாமிரத்தை மருந்தால் வெளியேற்ற முடியும் என்பதால் அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. (அந்த நோயின் மரபணுவுக்கும் ஈஸ்ட்டில் சிசிசி2 என்று ஓர் உறவுக்காரர் இருக்கிறார்.) ஹன்டிங்டன் நோயும் இதேபோல ஆட்டத்தோடு வரும்.

உறுதி செய்வது மரபணு வாசிப்பிலோ, ரத்தத்தில் கொரீன் புரதம் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பதிலோ நடக்கும்.

எங்கள் டாக்டர் மெக்லியாட் என்று ஒரு பெயரும் சொன்னாரே?

அறிகுறிகள் மிகவும் ஒத்துப்போகும் சகோதர நோய். இதில் கெடுவது எக்ஸ்கே என்ற வேறொரு மரபணு. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களையே தாக்கும், கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும், இதயத்தையும் பாதிக்கலாம். 1961-இல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவ மாணவரின் ரத்தத்தில் கெல் என்ற ரத்தவகைக் குறிகள் வழக்கத்துக்கு மாறாக மங்கியிருப்பதைக் கண்டார்கள். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு அண்மைக்காலத்தில்தான் விடை கிடைத்தது. எக்ஸ்கே, விபிஎஸ்13ஏ இரண்டும் ஒன்றாகக் கைகோத்து வேலை செய்பவை. மூங்கில் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் கொழுப்பு சவ்வின் ஒரு பக்கத்திலேயே குவியும். அதை இரு பக்கமும் பரப்பிவிடும் ஆள் எக்ஸ்கே. இருவரில் யார் வராவிட்டாலும் வேலை நிற்கும்.

மெக்லியாட் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரத்தம் ஏற்றினால் பிறகு பொருந்தும் ரத்தமே கிடைக்காத அளவுக்கு எதிர்ப்பொருள் உருவாகலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பே ரத்த வங்கியிடம் சொல்லிவைக்க வேண்டும்.

கோஹன் நோய்க்குறி என்றால்?

1973-இல் விவரிக்கப்பட்டது, மரபணு 2003-இல் தெரிந்தது. குழந்தையிலேயே தெரியும்: தசைத் தளர்ச்சி, வளர்ச்சியில் தாமதம், நாளாக ஆகக் கூடும் கிட்டப்பார்வை, விழித்திரைத் தேய்வு, ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குறைவு. பின்லாந்தில் பழைய ஒரே மாற்றம் பல குடும்பங்களில் வழிவழியாக வந்திருப்பதால் அங்கே கூடுதலாகக் காணப்படுகிறது. பழகுவதற்கு இனிய, சிரித்த முகமுள்ள பிள்ளைகள் என்று மருத்துவ நூல்களே எழுதுகின்றன. கண் பரிசோதனையையும், அடிக்கடி வரும் தொற்றுகளையும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. பிள்ளைக்கு எப்படி வந்தது? சொந்தத்தில் கட்டியதாலா?

நான்கு விபிஎஸ்13 நோய்களும் ஒடுங்கிய பண்பாகவே வருபவை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய். ஒன்று கெட்டவர் ஆரோக்கியமாகவே இருப்பார், தன்னிடம் அது இருப்பதும் தெரியாது. அதனால்தான் ‘பரம்பரையில் யாருக்கும் இல்லை’ என்பதும் ‘இது பரம்பரை நோய்’ என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன.

சொந்தத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. ஒரே பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சந்திக்க வழிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். தாத்தாவிடம் ஒரே ஒரு பழுதான பிரதி இருந்தது என்று வையுங்கள். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தியும் மகள் வயிற்றுப் பேரனும் கட்டிக்கொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த நோய் வர 64-இல் 1 வாய்ப்பு. அக்கா மகளை மாமன் கட்டினால் 32-இல் 1. வெளியில் கட்டியிருந்தால், வந்தவரிடமும் அதே அபூர்வ மரபணு கெட்டிருக்க வேண்டும். அது எளிதில் நடக்காது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வந்திருக்கிறது. யார் பக்கத்துக் குற்றம் என்று சண்டை போட இதில் இடமே இல்லை, இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளைக்கு நோய் இருந்தால், ஒவ்வொரு அடுத்த பிரசவத்திலும் 4-இல் 1 வாய்ப்பு. நோய் இல்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் ஒரு பிரதியைச் சுமந்துகொண்டிருக்க 3-இல் 2 வாய்ப்பு. அவர்களுக்குச் சொந்தத்தில் பெண், மாப்பிள்ளை பார்க்கிறீர்கள் என்றால் முதலில் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று போட்டிருக்கிறார்கள். இது நோயா இல்லையா?

மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை, அவ்வளவுதான். இவ்வளவு நீளமான மரபணுவில் எல்லோரிடமும் சில எழுத்து வித்தியாசங்கள் இருக்கத்தான் செய்யும்.

ஈஸ்ட் திரும்பவும் உதவிக்கு வருவது இங்கேதான். நோயாளியிடம் காணப்பட்ட அமினோ அமில மாற்றத்தை ஈஸ்ட்டின் விபிஎஸ்13-இல் அதற்கு நேரான இடத்தில் செய்து பார்க்கலாம். வார்சாவில் ஒரு குழு, கொரியா-அகாந்தோசைட்டோசிஸில் காணப்பட்ட 2771-ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் ஆர்ஜினினாக மாறும் பிழையை இப்படி ஈஸ்ட்டில் செய்து, சவ்வில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கொழுப்போடு ஒட்டும் திறன் பாதிக்கப்படுவதைக் காட்டியது. இது ஆய்வுக்கூடத்து வேலை, உங்கள் ஊர் லேபில் கேட்டால் செய்துதர மாட்டார்கள். உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் சோதிப்பது. ரிப்போர்ட்டில் இரண்டு மாற்றங்கள் இருந்து, இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்தவை என்றால் கதை வேறு: மற்றவரிடமிருந்து வந்த பிரதி நல்லதாக இருக்கலாம்.

ஈஸ்ட் சேர்த்த ரொட்டி, ஆப்பம் சாப்பிட்டால் நல்லதா, கெட்டதா?

இரண்டும் இல்லை. தின்ற ஈஸ்ட்டின் புரதம் வயிற்றிலேயே செரித்துவிடும்.

மருந்து இருக்கிறதா?

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. கொரியா-அகாந்தோசைட்டோசிஸில் ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் போன்றவை, வலிப்புக்கு வலிப்பு மருந்துகள், வாய்க் கடிக்குப் போட்டுலினம் ஊசி அல்லது பல்லிடையே வைக்கும் காப்பு. வலிப்பு மருந்துகளில் கார்பமாசெபின், லாமோட்ரிஜின் இரண்டும் சிலருக்கு ஆட்டத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. பேச்சு, விழுங்கும் பயிற்சி தருபவரை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள். எடை குறைவதும் புரையேறுவதும்தான் பல வீடுகளில் முதல் பெரிய ஆபத்தாக வருகின்றன.

கெட்ட மரபணுவுக்குப் பதில் நல்லதை உள்ளே அனுப்பிவிட முடியாதா?

முதல் கேள்வியில் சொன்ன அளவு இங்கேதான் இடிக்கிறது. இன்று மரபணுவைச் சுமந்துபோக அதிகம் பயன்படுவது ஏஏவி என்ற சின்ன வைரஸ். அது ஏறத்தாழ 4,700 எழுத்துகளைத்தான் தூக்கும். விபிஎஸ்13ஏ-வின் 3,174 அமினோ அமிலங்களை எழுத 9,500-க்கும் மேற்பட்ட எழுத்துகள் வேண்டும். பைக்கில் பீரோ ஏற்றுகிற கதை. ஆகவே சிலர் வேறு விதமாக யோசிக்கிறார்கள். 2015-இல் ஈஸ்ட்டில் ஒரு பாலம் இடிந்தபோது இன்னொரு பாலம் சுமையைத் தாங்கியதே, அதுபோல மனித நரம்புச் செல்லிலும் மீதமிருக்கும் பாலங்களில் ஒன்றைக் கூடுதலாக வேலை செய்ய வைக்க முடியுமா என்று.